கொரோனா பேட்ச்: ஜெயித்தது பெண்கள், தொலைந்தது யார்?

2022 ஜூன் 20-ம் தேதி வந்த பிளஸ் டூ ரிசல்ட் நினைவிருக்கிறதா? மாணவிகள் 96.32 சதவிகிதம், மாணவர்கள் 90.96 சதவிகிதம் தேர்ச்சி. ‘வழக்கம்போல் மாணவிகளே முதலிடம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு எல்லோரும் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். அதே எண்ணைத் தோல்விப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. பெண்களில் தோற்றவர்கள் 3.68 சதவிகிதம், பையன்களில் 9.04 சதவிகிதம். கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. கொரோனாவுக்கு முந்தைய 2019-ல் இது 6.36, 11.43. இரண்டு மடங்குகூட இல்லை. இடையில் 2021-ல் யாருமே தோற்கவில்லை, ஏனென்றால் தேர்வே நடக்கவில்லை.

2022-ல் தேர்வு எழுதிய அந்தப் பிள்ளைகளின் கதையே தனி. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2020-ல் ரத்து. பதினொன்றாம் வகுப்பில் ஆல் பாஸ். பதினேழு, பதினெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் பொதுத்தேர்வாகப் பிளஸ் டூ எழுதினார்கள். எழுதி முடித்து அந்த ஆண்டே கல்லூரிக்குள் நுழைந்தார்கள். இவர்களுக்கு முன்னால் போன அண்ணன், அக்காக்களோ கல்லூரி வாழ்க்கையின் பாதியைச் செல்போன் திரையில் கழித்துவிட்டிருந்தார்கள். எல்லோரையும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர் ‘கொரோனா பேட்ச்’. வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இன்றும் அதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்கிறார்கள்.

இந்த பேட்ச்சில் பெண்கள் எப்படிப் படித்தார்கள், ஆண்கள் எப்படிப் படித்தார்கள் என்று கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ‘ஆன்லைன்ல பொண்ணுங்கதான் பிச்சு உதறினாங்க, பசங்க கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டாங்க’ என்பார் ஒரு பேராசிரியர். ‘பாவம் பெண் பிள்ளைகள், வீட்டு வேலையிலேயே படிப்பு போச்சு’ என்பார் இன்னொருவர். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? இருந்தன. அதற்குக் காரணம், அந்த இரண்டு வருடங்களில் மார்க் என்பது அளந்த பொருளே மாறிப்போனதுதான்.

மாறிக்கொண்டே இருந்த அளவுகோல்

2020 மார்ச் மத்தியில் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டன. இறுதியாண்டு தவிர மற்றவர்களுக்கு அந்தப் பருவத் தேர்வு கிடையாது என்று முடிவானது. முந்தைய பருவத்தில் வாங்கிய மார்க்கையும் இன்டர்னல் மார்க்கையும் கலந்து மதிப்பெண் போட்டார்கள். இறுதியாண்டு மாணவர்கள் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி பிடிவாதமாக நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஆகஸ்ட் 28-ல் யுஜிசி பக்கம் தீர்ப்பானது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் தமிழ்நாட்டில் வேறொரு கூத்து நடந்திருந்தது. கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் எல்லோரும் பாஸ் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊர் ஊராக வாழ்த்து பேனர்கள் முளைத்தன. தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் ஏஐசிடிஇ எதிர்த்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வே நடத்தாமல் பாஸ் போடுவதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அறிவிப்பு வந்தபோது தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அரியர் வைத்திருக்கும் பையனுக்கும் ஓட்டு உண்டல்லவா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் விசித்திரம். 2021 பிப்ரவரியில் வீட்டிலிருந்தபடியே ஆன்லைன் தேர்வு. அப்ஜெக்டிவ் கேள்விகள், ஒரு மணி நேரம், கண்காணிப்பாளர் வேலையைச் செயற்கை நுண்ணறிவு பார்த்தது. தலை திரும்பினால் சந்தேகம், பின்னால் யாராவது பேசினால் சந்தேகம், நெட் அறுந்தால் சந்தேகம். ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மே மாதம் ஆட்சி மாறியதும் மறுதேர்வு அறிவித்தார்கள். இந்த முறை வீட்டிலேயே பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து அப்லோடு செய்யும் தேர்வு. 2021 நவம்பரில் நேரடித் தேர்வு என்றதும் மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். கடைசியில் ஒமைக்ரான் வந்து, 2022 பிப்ரவரியில் மறுபடி ஆன்லைன். இரண்டு ஆண்டுகளுக்குள் எத்தனை வகைத் தேர்வுகள்! ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமான மாணவருக்குத் தோதானது.

தேர்வு முறை மாறினால் ஆண், பெண் இடைவெளியும் மாறும் என்பதற்குக் கொரோனா வரை காத்திருக்கத் தேவையில்லை. பார்சிலோனா பல்கலைக்கழக மாணவர்களை வைத்து டேனியல் மொன்டோலியோ, பெரே தபெர்னர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். ‘இதில்தான் எல்லாமே இருக்கிறது’ என்கிற மாதிரியான பெரிய தேர்வில் ஆண்கள் முந்துகிறார்கள். மொத்த மார்க்கில் சிறு பங்கு மட்டுமே உள்ள தேர்வுகளில் அந்த முன்னிலை மறைந்துவிடுகிறது, சில சமயம் பெண்கள் பக்கம் திரும்புகிறது. பாடமும் மாணவர்களும் மாறவில்லை. அழுத்தம் மட்டும்தான் மாறியது.

இதையே ஒரு நாட்டு அளவில் தெரியாத்தனமாகச் சோதித்துப் பார்த்தது பிரிட்டன். அங்கே பல்கலைக்கழகத்துக்குள் நுழைய ஏ லெவல் தேர்வு. 2019-ல் ஏ கிரேடும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் பெண்களில் 25.5 சதவிகிதம், ஆண்களில் 25.4 சதவிகிதம். ஒரு மயிரிழை வித்தியாசம். கொரோனாவில் தேர்வை ரத்து செய்து, ஆசிரியர்களையே கிரேடு போடச் சொன்னார்கள். 2021-ல் அது 46.9-க்கு 42.1 ஆனது. கிட்டத்தட்ட ஐந்து புள்ளி இடைவெளி! பிறகு தேர்வு அறைக்குத் திரும்பினார்கள். 2025-ல் ஆண்கள் 28.4, பெண்கள் 28.2. பையன்கள் நூலிழை முன்னால்.

இரண்டு வருடத்துக்கு மட்டும் பிரிட்டிஷ் பெண்களுக்கு மூளை வளர்ந்து பிறகு சுருங்கிவிட்டதா என்ன? ஆசிரியர் மார்க் போட்டபோது ஆண்டு முழுவதும் ஒழுங்காக வீட்டுப்பாடம் எழுதியது, அசைன்மென்டை நாள் தவறாமல் கொடுத்தது எல்லாம் கணக்கில் சேர்ந்தன. ‘நல்ல பிள்ளை’ என்கிற பெயரும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் சந்தேகத்தை இன்னொரு பக்கமும் திருப்ப வேண்டும். மூன்று மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் பழைய தேர்வு மட்டும் என்ன தூய்மையான தராசா? கடைசி வாரத்தில் படித்துக் கரைசேர்பவனுக்கு அது பல வருடங்களாகச் சலுகை கொடுத்துவந்தது. அதை யாரும் சலுகை என்று சொன்னதில்லை.

நம் ஊர் இன்டர்னல் மார்க்கிலும் இதே தர்க்கம்தான். இங்கே இன்டர்னல் என்பதில் வருகைப்பதிவு உண்டு, ரெக்கார்டு நோட்டு உண்டு, சீரியல் டெஸ்ட் உண்டு. ரெக்கார்டு நோட்டை யார் முடித்து வைப்பார்கள், யார் கடைசி நாளில் அதைக் கடன் வாங்கிக் காப்பி அடிப்பார்கள் என்பது கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை அதை நம்பிப் போட்ட பருவத்தில் யார் மார்க் ஏறியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

மணி அடிக்காத கல்லூரி

அளவுகோல் மாறியது பாதிக் கதை. படிக்கும் விதமும் மாறியது. கல்லூரி என்பது பாடம் நடக்கும் இடம் மட்டுமல்ல. ஒன்பது மணிக்கு வா, உட்கார், எழுந்திரு, மதியம் தூங்காதே என்று ஓயாமல் விரட்டும் இயந்திரம் அது. தனக்குத் தானே மணி அடித்துக்கொள்ளத் தெரியாதவனையும் அது இழுத்துக்கொண்டு போகும். 2020-ல் அந்த மணி நின்றுபோனது.

ஆன்லைன் வகுப்பு ஆண்களைத்தான் அதிகம் அடிக்கும் என்று கொரோனாவுக்கு ரொம்ப முன்பே எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் டேவிட் ஃபிக்லியோவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பல்கலைக்கழகப் பொருளாதார வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு நேரில் பாடம் கேட்டது, மறு பிரிவு அதே விரிவுரையை இணையத்தில் பார்த்தது. 2013-ல் வெளியான அந்த ஆய்வில், இணையத்தில் பார்த்து இறங்கிப்போனவர்களில் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டவர்கள் ஆண்களும், ஏற்கெனவே மார்க் குறைவாக வாங்கியவர்களும், ஹிஸ்பானிக் மாணவர்களும். மறு ஆண்டே டி ஷூ, ஷானா ஜாகர்ஸ் இருவரும் வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் 40,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை அலசினார்கள். ஆன்லைனில் எல்லோருமே சறுக்கினார்கள், ஆனால் ஆண்கள், வயதில் சிறியவர்கள், கறுப்பின மாணவர்கள், முன்பே பின்தங்கியவர்கள் அதிகம் சறுக்கினார்கள். பெருந்தொற்று வந்தபோது உலகமே படித்திருக்க வேண்டிய ஆய்வு இது. ‘ஜூம் இருக்கிறதே, என்ன பயம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

நெட் இல்லாததுதான் பிரச்னை, நெட் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி பதில் சொன்னது. அங்கே எல்லோரும் ஒரே வளாகத்தில் தங்கியிருப்பவர்கள். எல்லோரிடமும் கம்ப்யூட்டர், எல்லோருக்கும் ஒரே நெட். 2020-ன் இறுதிப் பருவத்தில் 551 பேரைக் குலுக்கல் முறையில் நேரடி வகுப்புக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் பிரித்தார்கள். அங்கேயும் ஆன்லைனில் படித்தவர்கள் மார்க் இறங்கியது. அதிகம் இறங்கியவர்கள், முன்பே பின்தங்கியிருந்தவர்கள்.

சரி, தனக்குத் தானே மணி அடித்துக்கொள்வதில் பெண்கள் எப்படித் தேறினார்கள்? பெண்களுக்கு இயல்பிலேயே பொறுப்பு அதிகம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு தமிழ் வீட்டில் இருபது வயதுப் பெண்ணுக்கு மாலை ஆறு மணிக்குமேல் ஊரடங்கு எப்போதுமே உண்டு. டீக்கடை பெஞ்சு அவளுக்கு இல்லை. கிரிக்கெட் கிரவுண்டு இல்லை. நண்பனின் பைக் இல்லை. அரசாங்கம் 2020-ல் எல்லோருக்கும் போட்ட சட்டத்தை, அவள் வீடு அவளுக்கு வயதுக்கு வந்த நாளிலிருந்தே போட்டிருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து தன்னந்தனியாக நேரத்தைப் பிடித்து வைக்கும் வித்தையை அவள் வேறு வழியில்லாமல் கற்றிருந்தாள். படிக்கிறேன் என்ற ஒரு காரணம்தான் அவளுக்கு அந்த வீட்டில் கிடைத்த தனிமை. பையனுக்கோ, வெளியே போக முடியாத வாழ்க்கையே புதிது. போனில் இருந்த பப்ஜியை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது, உடனே வேறொன்று அந்த இடத்துக்கு வந்தது. கட்டுப்பாட்டில் வளர்ந்தவள் கட்டுப்பாட்டுக் காலத்தில் மார்க் எடுத்தாள் என்றால், அதைப் பாராட்டும்போது கொஞ்சம் கூச்சமும் வர வேண்டும்.

கதவில்லாத அறை

அந்த மார்க்குக்கு அவள் என்ன விலை கொடுத்தாள்?

மத்தியப் புள்ளியியல் துறை 2019-ல் நாடு முழுவதும் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சமையல், துவைத்தல், பெருக்குதல் மாதிரியான சம்பளமில்லாத வீட்டு வேலைகளைக் கணக்கெடுத்த நாளில் செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவிகிதம், ஆண்களில் 26.1 சதவிகிதம். செய்த பெண் ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார். செய்த ஆண் 97 நிமிடம். இது கொரோனாவுக்கு முந்தைய, பிள்ளைகள் பள்ளிக்கும் ஆண்கள் வேலைக்கும் போய்வந்த காலத்துக் கணக்கு. அத்தனை பேரும் மூன்று வேளையும் வீட்டில் உட்கார்ந்தபோது பாத்திரம் எத்தனை சேர்ந்திருக்கும், யார் கழுவியிருப்பார்கள்? மைக்கை மியூட்டில் போட்டு, ஒரு காதில் இயர்போனோடு காஸ்ட் அக்கவுன்டிங் பாடமும் மறு காதில் குக்கர் விசிலுமாக டிகிரி முடித்த பெண்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அடுத்தது போன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று, தமிழ்நாட்டில் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்பும் மறு பகுதி அதற்குப் பின்பும் எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பெண்களில் தானே பயன்படுத்தும் போன் வைத்திருந்தவர்கள் 74.6 சதவிகிதம். இந்திய சராசரியான 53.9-ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 46.9 சதவிகிதம்தான். ஆண்களில் 70.8. இது 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்த கணக்கு, கல்லூரி மாணவிகளின் நிலைமை இதைவிட மேல்தான். ஆனாலும் ஒரே ஒரு போன் இருக்கும் வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால் போன் யார் கைக்குப் போயிருக்கும் என்பதை இந்த எண்கள் ஓரளவுக்குச் சொல்லிவிடுகின்றன.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை சுமார் 9.7 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தார்கள். வகுப்பு தொடங்கி அரை வருடம் கழித்து வந்தாலும் நல்ல காரியம். கொடுமை எங்கே என்றால், 2011-ல் ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம், லேப்டாப் மிகவும் தேவைப்பட்ட அதே ஆண்டுகளில் நின்றுபோனது. லேப்டாப் ஒரு பெண்ணுக்குத் தரும் சுதந்திரமே வேறு. போனை அப்பா கேட்பார், தம்பி பிடுங்குவான், மாமா கூப்பிட்டால் அம்மா எடுத்துக்கொண்டு போவாள். சர்க்கார் முத்திரை குத்திய லேப்டாப் அவள் பெயரில் வந்தது, அவளுடையது.

சிக்னல்? நாமக்கல் மாவட்டத்தில் மாணவர்கள் ஆலமரக் கிளைகளில் உட்கார்ந்து வகுப்பு கவனித்த படங்கள் 2021-ல் பத்திரிகைகளில் வந்தன. எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினோம், சரிதான். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. சிக்னல் மலை உச்சியிலோ, மொட்டைப் பாறையிலோ, ஊருக்கு வெளியே தண்ணீர் டேங்க் மேலோதான் கிடைக்கும் என்றால், இருட்டிய பிறகு அங்கே போய் அசைன்மென்ட் அப்லோடு செய்ய எந்த வீட்டில் பெண்ணை விடுவார்கள்?

இதையெல்லாம்விடப் பெரிய இழப்பு என்று நான் கருதுவது விடுதி. ஆதிதிராவிடர் நல விடுதியோ, கல்லூரி ஹாஸ்டலோ, சாப்பாடு எப்படி இருந்தாலும் சரி, அங்கே ஒரு பெண் யாருக்கும் தோசை ஊற்ற வேண்டாம். மணிக்கு ஒருமுறை ‘ஏய், இங்க வா’ என்று கூப்பிட ஆளில்லை. படிப்பதற்கு இரவு பத்து மணிக்கு விளக்கெரிந்தால் கரன்ட் பில் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மகளாக, தங்கையாக, பேத்தியாக இல்லாமல், மாணவியாக மட்டும் அவள் வாழ்ந்த ஒரே இடம் அது. கல்லூரியை மூடியபோது பையன் வகுப்பறையை இழந்தான். அவள் வகுப்பறையோடு இந்த வேலியையும் இழந்தாள். விடுதி மாணவியை ஊருக்கு அனுப்பி வைத்தபோது, அவளுடைய இருபத்து நான்கு மணி நேரத்தையும் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அவள் மார்க் எடுத்தாள். தூக்கத்தில் வெட்டி எடுத்தாள், உடம்பில் வெட்டி எடுத்தாள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்களைக் கேட்ட ஆய்வில், மன அழுத்தமும் மனநலச் சரிவும் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் பதிவானது. பிற நாடுகளில் எடுத்த பல ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன. இதற்கென்று மார்க் ஷீட்டில் ஒரு கட்டம் கிடையாது.

ஐந்து பேர் போனால் சராசரி ஏறும்

பையன்கள் பக்கம் வருவோம். அவர்கள் பங்கைச் சோம்பேறித்தனம் என்ற ஒரே பெட்டிக்குள் அடைப்பது அநியாயம்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வகுப்பில் 25 பையன்கள், 25 பெண்கள். பையன்களின் சராசரி 58, பெண்களின் சராசரி 64. இடைவெளி ஆறு மார்க். தலா 35 மார்க் எடுக்கும் ஐந்து பையன்கள் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். மீதி இருபது பேரின் சராசரி 63.75. ஆறு மார்க் இடைவெளி கால் மார்க்காகிவிட்டது. எந்தப் பையனும் ஒரு மார்க்கூட அதிகமாக எடுக்கவில்லை. ‘மாணவர்கள் முன்னேற்றம்’ என்று அறிக்கை எழுதிவிடலாம்.

இதனால்தான் கொரோனா காலத்து ஆண், பெண் மார்க் ஒப்பீடுகளைப் படிக்கும்போது முதல் கேள்வியாக ‘யார் தேர்வு எழுத வரவில்லை’ என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் இந்த எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்தது. 2020-21 கல்வியாண்டு முடிந்தபோது அங்கே கல்லூரி மாணவர்களில் பெண்கள் 59.5 சதவிகிதம், ஆண்கள் 40.5. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட மொத்தம் 15 லட்சம் மாணவர்கள் குறைந்திருந்தார்கள், அந்தக் குறைவில் 71 சதவிகிதம் ஆண்கள். பெருந்தொற்று அதைத் தொடங்கி வைக்கவில்லை, வேகப்படுத்தியது.

நம் ஊரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் எண்ணவில்லை. அப்பாவின் ஆட்டோ நின்றது, தறி நின்றது, திருப்பூர் கம்பெனி மூடியது. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் பெயின்ட் வேலைக்குப் போனான், மெடிக்கல் ஷாப்பில் நின்றான், சாப்பாட்டு டெலிவரிக்கு பைக் எடுத்தான். தற்காலிகம் என்றுதான் போனான். கையில் காசு பார்த்த பிறகு, மூன்று அரியரும் ஒரு வகுப்பறையும் அவனைத் திரும்ப இழுக்கவில்லை. வீட்டில் கஷ்டம் வந்தால் முதலில் சம்பாதிக்க அனுப்பப்படுபவன் பையன். முதலில் கட்டிக்கொடுக்கப்படுபவள் பெண். இரண்டு வெளியேற்றங்களும் ஒரே வீட்டின் ஒரே நெருக்கடியிலிருந்து வருகின்றன.

பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படிப்பை விடுவார்கள் என்றுதான் உலகம் பயந்தது. 1.1 கோடிப் பெண் பிள்ளைகள் கல்விக்கூடங்களுக்குத் திரும்பாமல் போகலாம் என்று 2020-ல் யுனெஸ்கோ எச்சரித்தது. ஆனால் இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பார்த்தால் பெண்களின் சேர்க்கை 2019-20-ல் 1.88 கோடி, 2020-21-ல் 2.01 கோடி. ஏறியிருக்கிறது! கல்லூரி வயதில் உள்ள பெண்களில் 27.9 சதவிகிதம், ஆண்களில் 26.7 சதவிகிதம் கல்லூரியில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2021-22-ல் பெண்கள் 47.3, ஆண்கள் 46.8. பயம் பொய்த்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஒரே ஒரு எச்சரிக்கை: சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருப்பது ஒன்று, வகுப்பில் ஆள் இருப்பது வேறு. அட்மிஷன் போட்டுவிட்டு, அடுத்த தை மாதம் கல்யாணமாகிப் போன மாணவியின் பெயரும் அந்தக் கோடிகளுக்குள் இருக்கக்கூடும். ஃபீஸ் கட்டிவிட்டு டெலிவரிக்குப் போன பையனின் பெயரும்தான்.

அதற்குப் பிறகு

தமிழ்நாடு அரசுக்குக் கல்யாணம், வேலை என்ற இந்த இரண்டு ஓட்டைகளும் தெரிந்திருந்தன என்றே நினைக்கிறேன். 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த பழைய தாலிக்குத் தங்கம் திட்டத்தின் பணத்தைத்தான் இப்படித் திருப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த காசு கல்லூரிக்குப் போனது. சமீப காலத்தில் தமிழகம் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. இரண்டு வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டம். பையன்களுக்கும் அதே 1,000. ‘பசங்களுக்கு எதுக்கு’ என்று அப்போது கேட்டவர்கள், 2022 பிளஸ் டூ தோல்விக் கணக்கைப் பார்க்காதவர்கள்.

பிளஸ் டூவில் இடைவெளி குறைந்துவருவதாகச் சொல்கிறார்கள். 2022-ல் 5.36 புள்ளியாக இருந்தது 2025-ல் 3.54 ஆகிவிட்டது. இரு பாலரும் நூறை நெருங்கும்போது இடைவெளி தானாகவே நெருங்கும், அதில் ஆச்சரியம் இல்லை. தோல்விப் பக்கம் திருப்புங்கள். பெண்கள் 3.30, பையன்கள் 6.84. இன்னும் இரண்டு மடங்குக்கு மேல். கொரோனாவுக்கு முந்தைய 2019-ன் விகிதத்துக்கு 2025-லும் நாம் திரும்பவில்லை.

பெண்கள் பக்கமும் கொண்டாட்டத்துக்கு அவசரம் வேண்டாம். பட்டமளிப்பு விழா மேடையில் தங்கப் பதக்கம் வாங்க வரிசையாக வருவது மாணவிகள். அதே நாட்டில், 2021-22 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்த்து 32.8 சதவிகிதம், ஆண்களில் 77.2. ஊரடங்கில் குக்கர் விசிலோடு படித்துப் பதக்கம் வாங்கியவள் மறுபடி அதே குக்கருக்கு முன்னால் போய் நின்றால், அவள் படித்த பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விகிதத்தை வைத்து யார் என்ன செய்வது?

இனி ஒரு தொற்று வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வெள்ளம் வருகிறது, புயல் வருகிறது. கல்லூரியை மூட வேண்டிய நாட்கள் இன்னும் வரும். ஆகவே சில கோரிக்கைகள். அண்ணா பல்கலைக்கழகம் பருவத்துக்குப் பருவம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது. அதில் ஆண், பெண் என்று இரண்டு பத்திகள் கூட்ட ஒரு நாள் வேலைகூட ஆகாது. மற்ற பல்கலைக்கழகங்களும் செய்யட்டும். பக்கத்திலேயே மூன்றாவதாக இன்னொரு பத்தி வேண்டும்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வுக்கே வரவில்லை என்று. இன்டர்னலுக்கும் பெரிய தேர்வுக்கும் எவ்வளவு பங்கு என்பதைத் தீர்மானிக்கும் பாடத்திட்டக் குழு, அந்தப் பங்கை மாற்றினால் யார் ஏறுவார்கள், யார் இறங்குவார்கள் என்று இந்தப் பத்திகளைப் பார்த்துப் பேசட்டும்.

அடுத்த முறை கல்லூரியை மூட நேர்ந்தால், வெளியூர் மாணவிகளின் விடுதியைக் கடைசியாக மூடுங்கள். ஊர்ப்புற நூலகங்களில் இரவு எட்டு மணி வரை பெண்கள் உட்கார்ந்து படிக்க ஓர் அறையும் நெட்டும் கொடுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப் தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், அது ஒரு மாணவரும் விடுபடாமல் போய்ச் சேர வேண்டும். இரண்டு அரியரோடு காணாமல் போன பையனுக்குப் பழைய கட்டண பாக்கி கேட்காமல், வேலை நேரத்துக்குப் பிறகு மாலைக் கல்லூரியில் உட்கார ஓர் இடம் கொடுங்கள்.

இவற்றில் பலவற்றுக்குச் சட்டம் தேவையில்லை, பெரும்பணமும் தேவையில்லை. சிண்டிகேட் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.